லோடு இறக்கும் இடத்தில் லாரி ஓட்டுநர்: உடம்புக்கும் பெயருக்கும் சேதமில்லாமல் திரும்புவது எப்படி?

பலகைக் கட்டு ஒன்று டிரெய்லரின் மறுபக்கமாகச் சரிந்து விழுகிறது. யாருக்கும் அடிபடவில்லை, பலகை மட்டும் உடைந்தது. இரண்டே நிமிடத்தில் ஐந்தாறு பேர் கூடிவிடுகிறார்கள். அவர்களின் முதல் கேள்வி, "பெல்ட்டை அவிழ்த்தது யார்?" என்பதுதான். அவிழ்த்தவர் ஓட்டுநர். அவிழ்க்கச் சொன்னவர் கிடங்கின் மேற்பார்வையாளர். இந்தப் பக்கம் ஃபோர்க்லிஃப்ட் ஒரு கட்டைத் தூக்கும்போது அதன் நுனி அடுத்த கட்டையும் சேர்த்துத் தள்ளியதை யாரும் கவனிக்கவில்லை. மாலைக்குள் ஓட்டுநரின் அலுவலகத்துக்கு ஒரு வரிக் கடிதம் வந்துவிடுகிறது: "உங்கள் ஓட்டுநரின் கவனக்குறைவால் சரக்கு சேதம்."

லோடு இறக்கும் இடத்தின் சிக்கலே இதுதான். வண்டி ஒருவருடையது, தரை இன்னொருவருடையது, சரக்கு பெரும்பாலும் மூன்றாமவருடையது. எந்த வேலைக்கு யார் பொறுப்பு என்று பேசிக்கொள்ளாமலே கதவு திறக்கப்படுகிறது. விபத்தும் பழியும் அந்த ஒரே இடைவெளி வழியாகத்தான் நுழைகின்றன. அதனால் பாதுகாப்பைத் தனியாகவும் பழியைத் தனியாகவும் பிரித்துச் சொல்லாமல், நடக்கும் வரிசையிலேயே இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன்.

படி 1: புறப்படுவதற்கு முன்பே "இறக்குவது யார்?" என்று கேளுங்கள்

ஓட்டுநரின் வேலை சரக்கைக் கொண்டுபோய் நிறுத்துவதோடு முடிகிறதா, இறக்கித் தருவதும் சேர்ந்ததா என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். சர்வதேச வணிகத்தில் பயன்படும் இன்கோடெர்ம்ஸ் 2020 விதிகளில் 11 வகை உண்டு. அவற்றில் டி.பி.யூ. என்ற ஒரே வகையில்தான் சேருமிடத்தில் சரக்கை இறக்கித் தரும் கடமை விற்பவரைச் சேர்கிறது. அதற்கு நெருங்கிய உறவான டி.ஏ.பி. வகையில், இறக்கத் தயாராக வண்டியில் கொண்டுவந்து நிறுத்தினால் போதும். இறக்குவது வாங்குபவர் பாடு. இவை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான விதிகள் என்பதை மறக்கக் கூடாது. லாரி நிறுவனத்தின் பொறுப்பு அதன் போக்குவரத்து ஒப்பந்தத்தில் தனியாக இருக்கும்.

நாடு கடந்த சாலைச் சரக்குப் போக்குவரத்துக்காக 1956இல் உருவான சி.எம்.ஆர். ஒப்பந்தமும் இதைக் கவனித்திருக்கிறது. சரக்கைக் கையாண்டதும் இறக்கியதும் அனுப்பியவரோ பெறுபவரோ என்றால், அதிலிருந்து எழும் சேதத்துக்கு வண்டிக்காரர் பொறுப்பிலிருந்து விலக்கு கோரலாம் என்கிறது அதன் 17ஆம் பிரிவு. இந்த ஒப்பந்தம் உங்கள் பயணத்துக்குப் பொருந்தாமல் போகலாம். ஆனால் "இறக்கியது யார்?" என்ற கேள்விதான் வழக்கின் முடிவைத் தீர்மானிக்கிறது என்பது எங்கும் பொருந்தும்.

ஆகவே அலுவலகத்திடம் நான்கு விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்: இறக்குவது யார், எந்தக் கருவியால், அந்த இடத்தில் யாரைப் பார்க்க வேண்டும், சிக்கல் வந்தால் உங்கள் பக்கத்தில் யாரைக் கூப்பிட வேண்டும். பதிலைக் குறுஞ்செய்தியாகக் கேளுங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னது, தேவைப்படும் நாளில் யாருக்கும் நினைவிருக்காது.

படி 2: வாசலில் ஐந்து நிமிடம் செலவழியுங்கள்

வெகுதூரம் ஓட்டிவந்த களைப்பில், எங்கே காட்டுகிறார்களோ அங்கே பின்னால் தள்ளிவிட்டுப் படுக்கலாம் என்றுதான் தோன்றும். அந்த நேரத்தில்தான் இறங்கி ஒரு சுற்று நடக்க வேண்டும். தரை சமமாக இருக்கிறதா, இறுகியிருக்கிறதா? மேலே மின்கம்பி போகிறதா? ஆட்கள் குறுக்கே நடக்கும் வழி எது? பின்னால் எடுக்கும்போது வழிகாட்ட ஆள் உண்டா? வழிகாட்டுபவர் கண்ணாடியில் தெரியாமல் போன அந்த நொடியே வண்டியை நிறுத்திவிடுங்கள். "எங்கேயோ ஒதுங்கியிருப்பார்" என்று நினைத்துக்கொண்டு நகர்த்தாதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேர் கை காட்டினால், யாராவது ஒருவர் மட்டும் காட்டட்டும் என்று சொல்லிவிடுங்கள்.

அந்த இடத்தின் விதிகளையும் கேளுங்கள். ஓட்டுநர் கேபினில் இருக்க வேண்டுமா, தனி அறையில் காத்திருக்க வேண்டுமா, தலைக்கவசம் வேண்டுமா என்று. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டின் 155ஆம் உடன்படிக்கை, ஒரே வேலையிடத்தில் ஒரே நேரத்தில் இரண்டு நிறுவனங்கள் வேலை செய்தால் பாதுகாப்பில் அவை ஒத்துழைக்க வேண்டும் என்று 17ஆம் பிரிவில் சொல்கிறது. லோடு இறக்கும் முற்றம் அதற்கு அச்சு அசலான எடுத்துக்காட்டு. விதியைக் கேட்பதால் நீங்கள் தொந்தரவு பிடித்த ஆள் ஆகிவிட மாட்டீர்கள்.

படி 3: நிறுத்திய வண்டி நின்றபடியே இருக்கட்டும்

கை பிரேக், கியர், இன்ஜின் அணைப்பு, சாவி, முட்டுக்கட்டை. இந்த வரிசை எல்லா ஓட்டுநருக்கும் தெரியும்; தெரிந்தும் தினமும் ஒன்றாவது விட்டுப்போகிறது. டிரெய்லர் ஓட்டுபவர்களிடம் மட்டும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சிவப்புக் காற்றுக் குழாயைக் கழற்றினால் டிரெய்லரின் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். அந்த நம்பிக்கையில் டிரெய்லரின் பார்க்கிங் பிரேக்கைப் போடாமல் விடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. திரும்ப வந்து குழாயை மாட்டிய கணத்தில் பிரேக் விடுபடும். இழுவை வண்டியிலும் கை பிரேக் போடாமல் இருந்தால் மொத்த வண்டியும் உருளும். அப்போது ஓட்டுநர் நிற்பது இரண்டுக்கும் நடுவில். சிவப்புக் குழாய் பார்க்கிங் பிரேக்குக்கு மாற்று இல்லை.

டாக்கில், அதாவது லாரியின் தள உயரத்துக்குக் கட்டிய கிடங்கு மேடையில், பின்பக்கமாகச் சேர்த்து நிறுத்தும்போது வேறொரு ஆபத்து. 2.5 டன் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் தானே ஏறக்குறைய 4 டன் எடை இருக்கும். அது டிரெய்லருக்குள் போய்ப் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் டிரெய்லரைச் சிறிது முன்னால் தள்ளுகிறது. பத்து இருபது தடவைக்குப் பிறகு, டாக்குக்கும் வண்டிக்கும் இடையில் சக்கரம் இறங்கும் அளவுக்குப் பிளவு விழலாம். முட்டுக்கட்டையைத் தள்ளி ஒப்புக்குப் போடாமல் சக்கரத்தோடு ஒட்டிப் போடுங்கள். இழுவை வண்டியைக் கழற்றிவிட்டுப் போகிறீர்களென்றால், டிரெய்லரின் முன்பாதிக்குள் ஃபோர்க்லிஃப்ட் நுழையும்போது மூக்கு குப்புறக் கவிழாதபடி முன்னால் தாங்கி வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

டாக் விபத்துகளில் மிகக் கொடியது, உள்ளே ஆள் இருக்கும்போதே வண்டி கிளம்புவது. "முடிந்தது, போகலாம்" என்று யாரோ தூரத்திலிருந்து கை அசைப்பார். அவர் அசைத்தது வேறு வண்டிக்காக இருக்கும். இதற்கு நான் கண்டதில் சிறந்த வழி மிக எளியது: சாவியை இறக்குபவரின் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் வந்து சாவியைத் தரும்வரை வண்டி நகர முடியாது. சிவப்பு, பச்சை விளக்கு இருக்கும் இடத்தில் விளக்கையும் பாருங்கள், ஆனால் சாவியைக் கொடுத்து வாங்கும் இந்த முறையை மட்டும் கைவிடாதீர்கள்.

படி 4: கதவைத் திறப்பதற்கு முன்பு

வழியில் லோடு நகர்ந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். லோடு கட்டுவதற்கான ஐரோப்பிய தரநிலையான இ.என். 12195-1, முன்பக்கமாகச் சரக்கின் எடையில் 80 சதவீதத்துக்கும் பக்கவாட்டிலும் பின்பக்கமாகவும் 50 சதவீதத்துக்கும் சமமான விசையைக் கட்டுகள் தாங்க வேண்டும் என்று கணக்கிடுகிறது. அவசர பிரேக்கும் வேகமான வளைவும் இவ்வளவு வேலை செய்யக்கூடியவை. அந்த இழுப்பையெல்லாம் சரக்கு வழிநெடுகச் சேர்த்துவைத்துக்கொண்டு வந்து, கதவைத் திறக்கும்போது இறக்கிவைக்கிறது.

கன்டெய்னரில் பின்னாலிருந்து பார்க்கையில் வலது கதவுதான் முதலில் திறக்கும்; இடது கதவின் விளிம்பு அதற்குள் அடங்கியிருக்கும். வலது கதவின் பின்னால் பக்கவாட்டில் நின்று, கதவைக் கேடயமாக வைத்து மெல்லத் திறங்கள். இரண்டு கதவுகளின் பிடிக் கம்பிகளையும் தளர்வான பெல்ட் ஒன்றால் இணைத்துவிட்டுத் திறந்தால், உள்ளே சாய்ந்திருக்கும் மூட்டை கதவைத் தள்ளினாலும் அது அகலமாக வீசித் திறக்காது. காற்றோட்டத் துளைகளை டேப்பால் அடைத்திருந்தாலோ, பூச்சிகளைக் கொல்லப் புகையூட்டியதாக எச்சரிக்கை அட்டை ஒட்டியிருந்தாலோ உள்ளே பாஸ்பின் போன்ற நச்சு வாயு தங்கியிருக்கலாம். திறப்பதும் நுழைவதும் உங்கள் வேலை அல்ல; அளந்து பார்க்கத் தெரிந்தவர்கள் வரட்டும்.

சீல் எண்ணைச் சரக்குச் சீட்டோடு ஒத்துப்பார்த்து, சீல் முழுதாக இருக்கும்போதே ஒரு படம் எடுத்துவிடுங்கள். பெறுபவரின் ஆள் பக்கத்தில் நிற்கும்போதுதான் அதை வெட்ட வேண்டும். கதவு திறந்ததும், யாரும் எதையும் தொடுவதற்கு முன், இன்னொரு படம். பிறகு ஒரு நூறு படம் எடுத்தாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது. "வரும்போதே உடைந்திருந்தது" என்ற பேச்சையும் "இறக்கும்போது உடைத்தார்கள்" என்ற பேச்சையும் பிரித்துக் காட்டுவது இந்தப் படம்தான்.

படி 5: கயிறும் பெல்ட்டும்

இங்கேதான் ஓட்டுநர் தாமாகப் பழியைத் தோளில் ஏற்றிக்கொள்கிறார். நேரம் மிச்சப்படுத்த, வரிசையில் காத்திருக்கும்போதே எல்லா பெல்ட்டையும் அவிழ்த்துவிடுவார். பிறகு முற்றத்துக்குள் இருநூறு அடி ஓட்டிப்போவார். அதில் ஒரு திருப்பம் போதும், லோடு சரிய.

இறக்கும் இடத்தில் நின்ற பிறகு, ஒரு பகுதியை எடுக்க ஃபோர்க்லிஃப்ட் தயாராக வந்த பிறகு, அந்தப் பகுதியின் பெல்ட்டை மட்டும் அவிழ்க்க வேண்டும். அவிழ்ப்பதற்கு முன் வண்டியைச் சுற்றி வாருங்கள். மறுபக்கம் சாய்ந்திருக்கும் கட்டு இந்தப் பக்கத்திலிருந்து தெரியாது. சாய்ந்திருந்தால் பெல்ட்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஃபோர்க்லிஃப்ட் தாங்கிய பிறகே அவிழ்க்க வேண்டும். பெல்ட் இறுக்கத்தோடு விடுபடும்போது அதை இறுக்கும் பிடியான ராட்செட் முகத்தை நோக்கி வீசும், நேர் எதிரே நிற்காதீர்கள்.

பெல்ட்டை அவிழ்ப்பது உங்கள் வேலை என்றால் அவிழ்த்த பிறகு விலகிவிடுங்கள். அவர்கள் வேலை என்றால் தொடவே தொடாதீர்கள். பாதி அவிழ்த்தது நீங்கள், மீதி அவிழ்த்தது அவர்கள் என்ற நிலை மட்டும் வரக் கூடாது.

படி 6: நிற்கும் இடமும், "கொஞ்சம் கை கொடுங்கள்" என்ற சொல்லும்

ஃபோர்க்லிஃப்ட் ஓடும்போது ஓட்டுநருக்கு இரண்டே இடம்தான்: கேபின், அல்லது அவர்கள் காட்டிய காத்திருப்பு இடம். ஃபோர்க்லிஃப்ட் முன்னால் சுமையோடு வரும்போது அதை ஓட்டுபவருக்கு எதிரே ஆள் தெரியாது. பாலட் (சரக்கு அடுக்கும் தட்டு) நேராக உட்காரவில்லை என்று வண்டிக்கும் ஃபோர்க்லிஃப்டுக்கும் நடுவில் காலை வைத்து நிற்பது, மறுபக்கம் நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்வது, இரண்டும் நசுங்கிச் சாகும் இடங்கள். கிரேனில் தூக்கும்போதும் இதே கதை. தொங்கும் சுமைக்குக் கீழே யாருக்கும் வேலை இல்லை.

லாரியின் தளம் தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரம்தான். அது ஓர் உயரமா என்று அலட்சியமாகக் குதிப்போம். தலை பின்பக்கமாக மோதினால் அந்த உயரமே போதும். லோடின் மேல் ஏறாமல் முடியுமென்றால் ஏறாதீர்கள். இறங்கும்போது முகம் வண்டியைப் பார்த்து, இரண்டு கையும் ஒரு காலும் அல்லது இரண்டு காலும் ஒரு கையும் எப்போதும் பிடிப்பில் இருக்கட்டும்.

அடுத்தது கை கொடுப்பது. உதவும் மனசு நல்லதுதான். ஆனால் இந்தத் தொழிலில் ஓட்டுநரை அதிகம் மாட்டிவிட்ட வாக்கியம் "கொஞ்சம் கை கொடுங்கள்" என்பதே என்பேன். உங்கள் கை பட்ட நிமிடத்திலிருந்து சேதம் யாரால் என்ற கேள்வி குழம்பிவிடும். முதுகு பிடித்துக்கொண்டால், அது வேலை நேரத்தில் வந்த காயம்தானா என்ற கேள்வியும் வரும். அவர்களுடைய ஃபோர்க்லிஃப்டை ஓட்டித் தரச் சொன்னால் மறுபேச்சு வேண்டாம். உங்களிடம் உரிமம் இருந்தாலும், அந்த இயந்திரத்தை ஓட்ட அந்த இடம் உங்களுக்கு எழுத்தில் அனுமதி தராதவரை காப்பீடு உங்கள் பக்கம் நிற்கும் என்று நம்ப முடியாது.

படி 7: டிப்பர், டேங்கர், பவுடர் வண்டி

டிப்பரின் எதிரி சாய்வு. பாடி உயர்ந்திருக்கும்போது தரையில் இருக்கும் சிறு சாய்வு உச்சியில் பெரிதாகிறது. ஈரமண் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு மறுபக்கம் வழிந்துவிட்டால், வண்டி பக்கவாட்டில் கவிழும். ஒட்டிய மண்ணை விழவைக்க முன்னும் பின்னும் குலுக்குவது தற்கொலைக்குச் சமம். பாடியை இறக்கிவிட்டுத்தான் அடுத்த வழி யோசிக்க வேண்டும். கவிழத் தொடங்கினால் குதிக்காதீர்கள். சீட் பெல்ட் போட்டுக் கேபினிலேயே இருங்கள். குதிப்பவர் விழும் பக்கத்தில்தான் பாடியும் விழுகிறது.

உயர்ந்த பாடி மின்கம்பியைத் தொட வேண்டியதில்லை, நெருங்கினாலே மின்சாரம் தாவும். மரக் கம்பத்தில் போகும் மின்கம்பிக்கு 9 மீட்டர், இரும்புக் கோபுரத்தில் போவதற்கு 15 மீட்டர் கிடைத்தூரத்துக்குள் இப்படிப்பட்ட வேலையைத் திட்டமிடாமல் செய்யக் கூடாது என்பது பிரிட்டனில் வழங்கும் வழிகாட்டுதல். எங்கும் ஒரு நல்ல அளவுகோல். கம்பி பட்டுவிட்டால் கேபினிலேயே உட்கார்ந்து, யாரும் நெருங்காதபடி கத்துங்கள். தீப்பிடித்தால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு பாதமும் சேர்ந்தபடி வெளியே குதித்து, பாதங்களைப் பிரிக்காமல் குட்டிக் குட்டி அசைவாக விலகுங்கள். கால்களை அகட்டி ஓடினால் இரண்டு பாதத்துக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாடு உடம்பு வழியாகப் பாயும்.

டேங்கரில், எரியும் திரவமானால் நிலமின் (எர்த்) இணைப்பை முதலில் மாட்டுங்கள், கடைசியில் கழற்றுங்கள். காற்று நுழையும் வழி திறந்திருக்கிறதா என்று பார்க்காமல் பம்ப் ஓட்டினால், உள்ளே வெற்றிடம் உண்டாகித் தொட்டி நசுங்கிவிடும். எந்தக் குழாய் வாயில், அதன் தொட்டியில் எவ்வளவு இடம் மீதி என்பதை அந்த இடத்தின் ஆள் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இரண்டு வாயில் அருகருகே இருக்கும் இடத்தில் "அதுதான்" என்று விரல் நீட்டுவது போதாது. மாறிப்போனால் நீட்டிய விரலுக்கு ஆதாரம் இருக்காது, குழாய் மாட்டிய கைக்கு இருக்கும்.

சிமென்ட் போன்ற பவுடரைக் காற்றழுத்தத்தால் சைலோவுக்குள் (பவுடரைச் சேமிக்கும் உயரமான கலத்துக்குள்) ஏற்றும்போது நினைவில் வைக்க வேண்டியது ஒன்று: உங்கள் டேங்கர் ஏறக்குறைய 2 பார் அழுத்தம் தாங்கும், சைலோ அப்படிக் கட்டப்பட்டதல்ல. மேலே வடிகட்டி அடைத்திருந்தால் அது பறந்துபோகும். கடைசியில் பவுடர் தீர்ந்து வெறும் காற்று பாயும் நேரம்தான் மிக மோசம். அதற்கு முன்பே அழுத்தத்தைக் குறையுங்கள். வடிகட்டி வேலை செய்கிறதா, நிறைந்தால் எச்சரிக்கை மணி அடிக்குமா என்று தொடங்குமுன் கேட்டு, கிடைத்த பதிலைச் சலானிலேயே எழுதுங்கள்.

படி 8: "இங்கே இறக்க முடியாது" என்று சொல்வது

இதுதான் கடினம். வாடிக்கையாளர் கோபப்படுவார், அலுவலகம் அலுத்துக்கொள்ளும், அடுத்த லோடு தவறும். மேலே சொன்ன 155ஆம் உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு, உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான கடும் ஆபத்து என்று நியாயமாக நம்பி வேலையிலிருந்து விலகியவருக்குத் தகாத விளைவுகள் வராமல் காக்க வேண்டும் என்கிறது. 2022இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு இந்த உடன்படிக்கையை அடிப்படை உடன்படிக்கைகளில் ஒன்றாக உயர்த்தியது. காகிதத்தில் இருப்பது முற்றத்தில் உடனே கைகொடுக்காது என்பதும் எனக்குத் தெரியும். அதனால் மறுப்பதற்கும் ஒரு முறை வேண்டும்.

"முடியாது" என்று தொடங்காதீர்கள். "சார், தரை இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, பாடியைத் தூக்கினால் கவிழும். அந்தப் பக்கம் சமமாக இருக்கிறது, அங்கே இறக்கலாமா?" என்று காரணத்தையும் மாற்று வழியையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் அவர் முன்னிலையிலேயே அலுவலகத்துக்குச் செய்தி அனுப்புங்கள்: "மணி 10.40. தரை சாய்வு, படம் இணைத்துள்ளேன். மேற்பார்வையாளர் இங்கேயே இறக்கச் சொல்கிறார். என்ன செய்ய?" பலமுறை, செய்தி போகிறது என்று தெரிந்தவுடனே வேறு இடம் கிடைத்துவிடும். அலுவலகமே "எப்படியாவது முடித்துவிட்டு வா" என்று சொன்னால், அதையும் எழுத்தில் கேளுங்கள்.

படி 9: கையெழுத்தும் படமும்

சீலோடு ஒன்று, திறந்தவுடன் ஒன்று, இறக்கி வைத்த சரக்கு ஒன்று, வெறுமையான தளம் ஒன்று. நாள், நேரம் தெரியும் இந்த நான்கு படம் போதும். சேதம் தெரிந்தால் கிட்டத்தில் ஒன்று, இடம் புரியும்படி தூரத்திலிருந்து ஒன்று.

சலானில் பெறுபவர் "சேதத்துடன் பெறப்பட்டது" என்று எழுதினால் சண்டை போடாமல், எத்தனை, எது, எப்படி என்று விவரமாக எழுதச் சொல்லுங்கள். கூடவே "ஃபோர்க்லிஃப்டால் இறக்கும்போது ஏற்பட்டது, இறக்கியது பெறுபவரின் ஆள்" என்று உங்கள் பக்கத்தையும் எழுதிவிடுங்கள். சி.எம்.ஆர். ஒப்பந்தத்தில், வெளியே தெரியும் சேதத்தைப் பெறும்போதே குறிக்க வேண்டும்; தெரியாத சேதத்துக்கு ஞாயிறும் விடுமுறையும் நீங்கலாக 7 நாள் அவகாசம். எனவே குறிப்பில்லாமல் பெற்றுக்கொண்ட கையெழுத்துக்கு மதிப்பு உண்டு, ஆனால் அதுவே கடைசிச் சொல் ஆகிவிடாது. வெற்றுத் தாளிலோ, எண் நிரப்பாத சலானிலோ நீங்களும் கையெழுத்திடாதீர்கள்.

படி 10: விபத்து நடந்துவிட்டால்

அடிபட்டவருக்கு உதவி, பிறகு மற்றவர்கள் நெருங்காமல் தடுப்பது, பிறகு அலுவலகம். இந்த மூன்றும் முடியும்வரை வண்டியையும் சரக்கையும் நகர்த்தாதீர்கள். உயிரைக் காக்க நகர்த்தித்தான் ஆக வேண்டுமென்றால் நகர்த்துவதற்கு முன் ஒரு படம்.

கூட்டத்தில் ஒருவர், "மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி முடித்துவிடுங்களேன்" என்பார். அடிபட்டவரிடம் வருத்தம் தெரிவிப்பது மனிதத்தன்மை. "என்னால்தான் ஆனது" என்பது வேறு. அதை அந்த இடத்தில், அரைகுறையாகத் தெரிந்த நிலையில் சொல்லாதீர்கள். அவர்கள் எழுதி நீட்டும் அறிக்கையில் கையெழுத்து வேண்டாம். ஒரு நகலை மட்டும் கேளுங்கள். உங்கள் அறிக்கையை அன்றிரவே நீங்கள் எழுதுங்கள். பார்த்ததை மட்டும், மணி வரிசையில்: யார் சொன்னார், யார் ஓட்டினார், நீங்கள் எங்கே நின்றீர்கள். "அவர் கவனமில்லாமல் ஓட்டினார்" என்பது கருத்து. "பாலட்டைத் தூக்கும்போது அவர் பின்பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தார்" என்பது சாட்சியம். பின்னதை எழுதுங்கள்.

கண்காணிப்பு கேமரா இருந்தால், பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லி அன்றே எழுத்தில் கேளுங்கள். பழைய பதிவின் மேல் புதியது பதிந்துவிடும். தவறு உண்மையிலேயே உங்களுடையது என்றால், அதை உங்கள் அலுவலகத்திடமும் காப்பீட்டாளரிடமும் முழுவதுமாகச் சொல்லிவிடுங்கள். மறைத்ததைப் பின்னால் கேமரா காட்டும்போது, நீங்கள் சரியாகச் செய்த மீதி வேலையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

எதுவும் நடக்காத நாளிலும் கிளம்பும் முன் ஒரு சுற்று வாருங்கள். கதவு பூட்டியிருக்கிறதா, பாடி இறங்கியிருக்கிறதா, குழாய் கழற்றப்பட்டதா, முட்டுக்கட்டை எடுத்தாயிற்றா, வண்டிக்கு அடியில் யாராவது நிழலுக்கு உட்கார்ந்திருக்கிறார்களா. சாவி உங்கள் கைக்கு யாரிடமிருந்து வந்தது என்பதையும் கவனியுங்கள். நீங்கள் கொடுத்தவரே திருப்பித் தந்தால்தான் உள்ளே யாரும் இல்லை.